கேம்பிரிட்ஜ் வேதியியல் துறைக்கு ஹமீத் பெயர்: துறையிலிருந்து வரும் செய்திகளில் எது செய்தி?

வேதிவாசகன்:

வணக்கம் நண்பர்களே. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக வேதியியல் துறையின் பெயர் 2020 டிசம்பரில் மாறியது பலருக்கு நினைவிருக்கும். இப்போது அது யூசுஃப் ஹமீத் வேதியியல் துறை. 2050 வரை இந்தப் பெயர்தான். ஹமீத் அதே துறையில் படித்தவர், சிப்லா மருந்து நிறுவனத்தை நெடுங்காலம் நடத்தியவர். அவர் கொடுத்த பெரிய நன்கொடைக்கு நன்றியாக வைத்த பெயர் அது.

முதுகலை வகுப்பில் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். வகுப்பே இரண்டு கட்சியாகிவிட்டது. "ஒரு இந்திய மருந்து வேதியியலாளர் பெயரில் கேம்பிரிட்ஜில் ஒரு துறை இருப்பது பெருமை" என்று ஒரு பக்கம். "பணம் கொடுத்தால் துறைக்கே பெயர் வைத்துவிடலாமா?" என்று மறுபக்கம். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டதுதான் என்னை யோசிக்க வைத்தது: "சார், அந்தத் துறையில் அப்படி என்னதான் நடந்தது? அதை யாரும் சொல்லவில்லையே."

நன்கொடை, பரிசு, புதுக் கட்டடம், பதவி உயர்வு. எந்தத் துறையின் செய்திப் பக்கத்தைத் திறந்தாலும் இவைதான் இருக்கின்றன. உங்கள் கருத்து என்ன?

கண்ணாடிக்குடுவை:

எனக்கு இந்தப் பெயர் மாற்றத்தில் உடன்பாடு இல்லை. ஹமீத் நல்லவரா இல்லையா என்ற பேச்சுக்கே நான் போகவில்லை. பல்கலைக்கழகத் துறை பொதுச்சொத்து. கட்டடத்துக்குப் பெயர் வையுங்கள், உதவித்தொகைக்கு வையுங்கள். துறைக்கே வைத்தால், அங்கிருந்து வெளியாகும் ஒவ்வொரு கட்டுரையின் முகவரியிலும் ஒரு தனிமனிதர் பெயர் ஏறிவிடுகிறது.

இது புதுப் பழக்கமும் இல்லை. அங்கே 1702-ஆம் ஆண்டின் பெயரால் வழங்கும் ஒரு பேராசிரியர் இருக்கை உண்டு. பிரிட்டனில் விட்டுப்போகாமல் தொடர்ந்து வரும் வேதியியல் இருக்கைகளில் அதுதான் மிகப் பழையது. வெரோனாவிலிருந்து வந்த விகானி என்ற இத்தாலியர் முதலில் வகித்தது. அவர் பாடம் நடத்தச் சேர்த்து வைத்த மருந்துச் சரக்குகள் நிறைந்த மர அலமாரி இன்னும் குவீன்ஸ் கல்லூரியில் இருக்கிறது. அந்த இருக்கையின் பெயரோடு சில காலம் முன்புவரை பிபி என்ற எண்ணெய் நிறுவனத்தின் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. இப்போது அதிலும் ஹமீத் பெயர். அடுத்து யாரோ?

பழைய ஃபார்மா:

கண்ணாடிக்குடுவை தம்பி, எண்ணெய் நிறுவனத்தையும் ஹமீதையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நான் மருந்து உற்பத்தியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 2001-இல் நடந்ததை அந்தத் துறையில் இருந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

அப்போது ஹெச்ஐவி நோயாளி ஒருவருக்கு மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சைக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகும். ஆப்பிரிக்காவில் அதை யார் வாங்க முடியும்? 2001 பிப்ரவரியில் சிப்லா அதே சிகிச்சையை எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தது. ஒரு நாளைக்கு ஒரு டாலர்கூட இல்லை. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்ற மூன்றும் ஒரே மாத்திரையாகவும் வந்தன.

இதற்குச் சட்டமும் வேதியியலும் கைகொடுத்தன. 1970-ஆம் ஆண்டின் இந்தியக் காப்புரிமைச் சட்டம் மருந்து மூலக்கூறுக்குக் காப்புரிமை தரவில்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும் தந்தது. 2005 வரை அதுதான் நிலை. வேறு வழியில் அதே மூலக்கூறைத் தயாரிக்கத் தெரிந்தால் விற்கலாம். "வேறு வழி" என்று சொல்வது சுலபம். மலிவான தொடக்கப் பொருள், குறைந்த படிகள், ஒவ்வொரு படியிலும் நல்ல விளைச்சல், கழிவு கட்டுக்குள், இவ்வளவும் சேர்ந்தால்தான் விலை இறங்கும். அது கரிம வேதியியல் தெரிந்தவன் வேலை. ஹமீத் 1954-இல் கேம்பிரிட்ஜ் போய் அலெக்சாண்டர் டாட் என்ற வேதியியல் பேராசிரியரிடம் முனைவர் பட்டம் வாங்கியவர். அந்தப் படிப்பு வீண்போகவில்லை.

கண்ணாடிக்குடுவை:

ஐயா, 2001 பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மறுக்கவில்லை. அந்த அறிவிப்பு எத்தனை உயிரைக் காப்பாற்றியது என்பதும் தெரியும். இருந்தாலும், நல்ல காரியம் செய்தவர் என்பதற்காகத் துறையின் பெயரை 30 ஆண்டுக்கு ஒப்புக்கொடுக்கும் வழக்கம் சரியாகிவிடாது. அடுத்து வருபவர் நல்லவராக இருப்பார் என்று என்ன உத்தரவாதம்? வழக்கம் ஒருமுறை நிலைத்துவிட்டால் அது ஆளைப் பார்க்காது.

ஜீனோம் மேசை:

பெயர் பற்றிப் பேசுங்கள். ஆனால் அந்தக் கடைசி வரிசைப் பெண் கேட்ட கேள்விக்கும் பதில் வேண்டாமா?

நான் ஒரு பரிசோதனை நிலையத்தில் டிஎன்ஏ வரிசை படிக்கும் இயந்திரத்தோடு வேலை செய்கிறேன். அந்த இயந்திரத்தின் வேதியியல் பிறந்தது இந்தத் துறையில்தான். சங்கர் பாலசுப்ரமணியன், டேவிட் கிளெனர்மன் என்ற இரண்டு பேர். முன்னவர் 1966-இல் சென்னையில் பிறந்து, மறு ஆண்டே பெற்றோருடன் இங்கிலாந்து போனவர். கரிம வேதியியல் பக்கம். பின்னவர் லேசர் நிறமாலையியல் பக்கம். டிஎன்ஏ பாலிமரேஸ் என்ற நொதி ஒவ்வொரு எழுத்தாகச் சேர்ப்பதை ஒற்றை மூலக்கூறு அளவில் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவர்களின் முதல் ஆசை. அதற்காக அந்த எழுத்துகளில், அதாவது நியூக்ளியோடைடு என்ற டிஎன்ஏ அலகுகளில், ஒளிரும் சாயம் ஏற்றினார்கள். 1997 கோடையில், துறைக்குப் பக்கத்திலிருந்த ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து பேசும்போதுதான், இதையே கோடிக்கணக்கான துண்டுகளில் ஒரே நேரத்தில் செய்தால் ஒரு மனிதரின் முழு ஜீனோமையும் (மொத்த டிஎன்ஏ வரிசையையும்) படித்துவிடலாமே என்ற எண்ணம் உருவானது. 1998-இல் சொலெக்சா என்ற நிறுவனம் தொடங்கினார்கள். 2007-இல் இலுமினா அதை ஏறக்குறைய 60 கோடி டாலருக்கு வாங்கியது.

முதல் மனித ஜீனோம் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்தது, செலவு சுமார் 300 கோடி டாலர். இன்று ஒரு ஜீனோமை ஆயிரம் டாலருக்கும் குறைவாக ஓரிரு நாளில் படிக்கிறோம். கொரோனா காலத்தில் ஆல்ஃபா, டெல்டா என்று திரிபுகளைப் பிரித்துச் சொல்ல முடிந்ததில் இந்த வேதியியலுக்குப் பெரும் பங்கு உண்டு. 2020-க்கான மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு இருவருக்கும் கிடைத்தது. பத்திரிகைகளில் பரிசுச் செய்தி வந்தது. பரிசுக்குப் பின்னால் இருந்த வேதியியல் வரவில்லை.

கண்ணாடிக்குடுவை:

மதுக்கடைக் கதையை எல்லோரும் விரும்பிச் சொல்கிறார்கள். அந்தக் கடைக்குப் போவதற்கு முன்பு அடித்தளத்தில் லேசர் வாங்கியது யார் பணத்தில்? அரசின் உயிரியல் ஆய்வு மன்றம் கொடுத்த மானியத்தில். நொதியை வேடிக்கை பார்ப்பதற்கு எந்தத் தனியார் முதலீட்டாளரும் பணம் தரமாட்டார். மக்கள் வரிப்பணம்தான் தந்தது. அவர்கள் பெயர் துறையின் வாசலில் இல்லையே. என் ஆதங்கம் இதுதான்.

வேதிவாசகன்:

இது நல்ல இடம். ஆய்வுமாணவி, நீங்கள் நியூக்ளியோசைடு (பாஸ்பேட் சேராத நியூக்ளியோடைடு) தயாரிப்பில்தானே இருக்கிறீர்கள்? அந்த எழுத்து சேர்க்கும் வேதியியலைக் கொஞ்சம் விளக்க முடியுமா? பரிசு, நன்கொடை எல்லாவற்றையும் தள்ளி வைத்துவிட்டு.

ஆய்வுமாணவி:

முடியும் சார். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழையில் இதுவரை பேசியது எல்லாமே நியூக்ளியோடைடில் இருக்கும் சர்க்கரை வளையத்தில் ஒரே ஒரு இடத்தைச் சுற்றி வருகிறது. 3-பிரைம் கார்பன் (சர்க்கரையின் மூன்றாம் எண் கார்பன்), அதில் தொங்கும் ஹைட்ராக்சில் (ஓர் ஆக்சிஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி).

முதலில் டாட். 1944-இல் கேம்பிரிட்ஜ் வந்தார். நியூக்ளியோடைடுகளை ஆய்வகத்தில் தயாரித்து, அவற்றின் அமைப்பை உறுதி செய்தது அவர் குழு. நியூக்ளிக் அமிலச் சங்கிலியில் ஒரு சர்க்கரையின் 3-பிரைம் ஆக்சிஜனும் அடுத்த சர்க்கரையின் 5-பிரைம் ஆக்சிஜனும் ஒரு பாஸ்பேட்டால் இணைகின்றன என்பது 1950-களின் தொடக்கத்தில் அங்கே தெளிவானது. 1953-இல் அதே ஊரில் டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் அமைப்பு வந்தபோது முதுகெலும்பின் வேதியியல் ஏற்கெனவே கையில் இருந்தது. டாடுக்கு 1957-இல் நோபல்.

அப்படியானால் 3-பிரைம் ஹைட்ராக்சில் இல்லாத நியூக்ளியோடைடைக் கொடுத்தால் என்ன ஆகும்? நொதி அதைச் சேர்க்கும், அடுத்ததைச் சேர்க்க இடம் இருக்காது. சங்கிலி அங்கேயே நின்றுவிடும். 1977-இல் ஃபிரெட் சாங்கர் டிஎன்ஏ படித்தது இப்படித்தான். அவரும் கேம்பிரிட்ஜ்தான், ஆனால் வேதியியல் துறை இல்லை, மூலக்கூறு உயிரியல் ஆய்வகம்.

பழைய ஃபார்மா ஐயா சொன்ன மாத்திரையைப் பாருங்கள். ஸ்டாவுடின், லாமிவுடின் இரண்டிலுமே அந்த ஹைட்ராக்சில் இல்லை. லாமிவுடினில் 3-பிரைம் கார்பன் இருக்க வேண்டிய இடத்திலேயே ஒரு கந்தக அணு உட்கார்ந்திருக்கிறது. வைரஸின் நொதி ஏமாந்து இதைச் சங்கிலியில் சேர்த்துக்கொள்கிறது, வைரஸ் டிஎன்ஏ பாதியில் முடிகிறது. நெவிரபின் வேறு மாதிரி, அது நொதியிலேயே ஒரு பள்ளத்தில் போய் அடைத்துக்கொள்கிறது. டாடின் மாணவர் பிற்காலத்தில் உலகுக்கு மலிவாகக் கொடுத்த மூன்றில் இரண்டு, டாட் பல ஆண்டுகள் ஆராய்ந்த மூலக்கூறு வகையைச் சேர்ந்தவை. ஹமீத் பெயரைத் துறையில் வைத்தது சரியா தவறா என்று எனக்குத் தீர்மானமில்லை. இந்தத் தொடர்பு மட்டும் எனக்கு மெய்சிலிர்க்க வைக்கிறது.

இப்போது பாலசுப்ரமணியன், கிளெனர்மன். அவர்களுக்குச் சங்கிலி நிற்கவும் வேண்டும், பிறகு தொடரவும் வேண்டும். அதனால் ஹைட்ராக்சிலை நீக்காமல், அதன் மேல் அசைடோமெத்தில் என்ற சின்னத் தொகுதியைப் பாட்டிலுக்கு மூடி போடுகிற மாதிரி மாட்டினார்கள். நான்கு எழுத்துக்கும் நான்கு வேறு நிறச் சாயம், சாயத்தைப் பிடித்திருக்கும் இணைப்பிலும் அதே வகை அசைடு (மூன்று நைட்ரஜன் அணுக்கள் வரிசையாக நிற்கும் தொகுதி). கண்ணாடித் தகட்டில் டிஎன்ஏ துண்டுகள் நின்றுகொண்டிருக்கும். நான்கு எழுத்துகளையும் ஊற்றினால் ஒவ்வொரு துண்டிலும் பொருத்தமான ஒன்று மட்டும் சேரும், மூடி இருப்பதால் அதற்கு மேல் போகாது. லேசர் அடித்துப் படம் எடுக்க வேண்டும். எந்தப் புள்ளி எந்த நிறம் என்று தெரிந்துவிடும். பிறகு நீரில் கரையும் ஒரு பாஸ்ஃபீனை (பாஸ்பரஸ் சேர்மம்) ஊற்றினால் மூடியும் சாயமும் ஒரே நேரத்தில் கழன்றுவிடும். ஹைட்ராக்சில் திரும்பக் கிடைக்கும். அடுத்த எழுத்து.

அசைடையும் பாஸ்ஃபீனையும் சேர்க்கும் அந்த வினை ஸ்டாடிங்கர் என்ற வேதியியலாளர் 1919-இல் கண்டது. எண்பது வருடம் பாடப்புத்தகத்தில் இருந்த வினை. டிஎன்ஏவில் அசைடு எங்கும் கிடையாது, பாஸ்ஃபீன் மற்ற பகுதிகளைத் தொடாது. அதனால்தான் அது தேர்வானது. இயற்கையான பாலிமரேஸ் இந்த மூடி போட்ட எழுத்துகளைச் சரியாக ஏற்கவில்லை, நொதியையும் மாற்றி வடிவமைக்க வேண்டியிருந்தது.

ஜீனோம் மேசை:

அருமையாகச் சொன்னீர்கள் அம்மா. மேசைப் பக்கத்திலிருந்து ஒன்று சேர்க்கிறேன். புதிதாக வருபவர்கள் எல்லோரும் கேட்பது: "ஒரு துண்டில் ஏன் 150 எழுத்து வரைதான் படிக்கிறோம்? ஆயிரம் படிக்கக் கூடாதா?"

பதில் விளைச்சலில் இருக்கிறது. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரே துண்டின் பல நகல்கள் கொத்தாக இருக்கும். (கொத்து வளர்க்கும் முறை சுவிட்சர்லாந்தில் பாஸ்கல் மேயர் வேலை செய்த நிறுவனத்திலிருந்து சொலெக்சா வாங்கியது. 2022 பிரேக்த்ரூ அறிவியல் பரிசை அந்த இருவரோடு பகிர்ந்துகொண்டவர்.) ஒரு சுற்றில் 99 சதவீத நகல்கள் சரியாக முன்னேறின என்று வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாக இருக்கும். 150 சுற்று கழிந்தால் ஒழுங்காக வரிசையில் நிற்பவை 22 சதவீதம்தான். மீதி பின்தங்கிவிடும், நிறங்கள் கலங்கிவிடும். 99.9 சதவீதம் என்றால் 86 சதவீதம் நிற்கும். அந்த 0.9 சதவீத வித்தியாசத்தில்தான் இயந்திரமே ஓடுகிறது. தயாரிப்பு வேதியியலில் 95 சதவீத விளைச்சல் வந்தால் கொண்டாடுவோம், இங்கே அது குப்பை.

வேதிடீச்சர்:

நான் பள்ளியில் பிளஸ் டூ நடத்துகிறேன். இந்தப் பதிவுகளை எழுதி வைத்துக்கொண்டேன், நன்றி.

இவ்வளவு பெருமை பேசும்போது ஒரு பெயரை விட்டுவிட்டோம். டிஎன்ஏவை எக்ஸ் கதிரால் படம் எடுத்த ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் படித்ததும் கேம்பிரிட்ஜில்தான். 1941-இல் படிப்பை முடித்தார். ஆனால் அந்தப் பல்கலைக்கழகம் பெண்களை முழுப் பட்டத்துக்கு உரியவர்களாக ஏற்றது 1948-இல். படித்தபின் அங்கே இயற்பிய வேதியியலில் நாரிஷிடம் ஆய்வு மாணவியாக இருந்தார், ஒத்துப்போகவில்லை, 1942-இல் விலகி நிலக்கரி ஆராய்ச்சிக்குப் போனார். நாரிஷுக்கு 1967-இல் நோபல். துறையின் சரித்திரத்தில் இதையும் சேர்த்துத்தான் என் மாணவிகளுக்குச் சொல்கிறேன்.

இன்னொன்று. கேம்பிரிட்ஜில் ஆண்டுதோறும் மார்ச்சில் நடந்துவந்த அறிவியல் விழாவில் அந்தத் துறை ஊர்மக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. சிறு பிள்ளைகள் கோட்டு மாட்டிக்கொண்டு கல்லூரி ஆய்வகத்திலேயே சோதனை செய்தார்கள். வெடிச் சத்தத்தோடு ஒரு செய்முறை விரிவுரையும் இருந்தது. நம் ஊரில் பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்குச் சில கல்லூரிகள் கூப்பிடுகின்றன. போனால் பேச்சுப் போட்டியும் வினாடி வினாவும்தான். பிள்ளைகள் ஒரு பியூரெட்டைக்கூடத் தொடாமல் திரும்புகிறார்கள்.

வேதிவாசகன்:

டீச்சர், இதை நான் எங்கள் துறைக் கூட்டத்தில் வைக்கிறேன். ஒரு நாள், ஒரு ஆய்வகம், பத்துப் பத்துப் பேராக. கரைசல்களை நீர்த்துக் கொடுத்தால் பாதுகாப்புச் சிக்கலும் இருக்காது.

படிகம்:

தாமதமாக வருகிறேன். ஜீனோம் பற்றிப் பேசி முடித்துவிட்டீர்கள். எனக்கு அந்தத் துறை என்றால் ஒல்கா கென்னார்டு.

1965-இல், எக்ஸ் கதிர் படிகவியலில் (படிகத்தில் எக்ஸ் கதிரைச் செலுத்தி அணுக்களின் இடத்தைக் காணும் முறை) வெளியான கரிமச் சேர்மங்களின் அமைப்புகளை எல்லாம் ஓரிடத்தில் சேர்க்க ஆரம்பித்தார். அப்போது உலகம் முழுக்கச் சேர்த்தாலும் சில ஆயிரம்தான் இருந்திருக்கும். "தரவுகளை ஒன்றாகப் பார்த்தால் தனித்தனியாகத் தெரியாதது தெரியும்" என்பது அவரது நம்பிக்கை. அதுதான் கேம்பிரிட்ஜ் அமைப்புத் தரவுத்தளம். 2019-இல் பத்து லட்சத்தைத் தொட்டது. இன்று அந்த மையம் தனி அறக்கட்டளை, துறைக்குப் பக்கத்திலேயே கட்டடம். கென்னார்டு 2023-இல் மறைந்தார்.

தமிழ்நாட்டில் படிகம் வளர்த்து அமைப்பு கண்டுபிடிக்கும் ஒவ்வொரு மாணவரும் கட்டுரை அனுப்புவதற்கு முன்பு அங்கே தரவை ஒப்படைத்து எண் வாங்குகிறார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1952-இல் ஜி.என். ராமச்சந்திரன் என்ற இயற்பியலாளர் வந்ததிலிருந்து இங்கே படிகவியலுக்கு ஆழமான வேர் உண்டு. அந்தப் பத்து லட்சத்தில் நம் ஆட்கள் கண்ட அமைப்புகளும் ஏராளம். பரிசு வராத வேலை, தலைப்புச் செய்தி ஆகாத வேலை. ஆனால் ஒரு மருந்து மூலக்கூறு எப்படி வளையும், எந்த ஹைட்ரஜன் பிணைப்பு எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டுமானால் இன்றும் எல்லோரும் அங்கேதான் போகிறார்கள்.

கண்ணாடிக்குடுவை:

படிகம் சொன்னதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அறுபது வருடம் தரவு சேர்ப்பதும் நொதியை வேடிக்கை பார்ப்பதும் உடனே பலன் தராத வேலைகள். துறை அதற்கு இடம் கொடுத்தது. எங்கள் பக்கம் துறைச் செய்தி என்றால் எத்தனை கட்டுரை, எத்தனை காப்புரிமை விண்ணப்பம், தரமதிப்பீட்டுக் குழுவுக்கு எத்தனை கோப்பு என்பதுதான். மூன்று வருடம் கட்டுரை வராத ஒரு கேள்வியைக் கையில் எடுக்க ஒரு ஆய்வு மாணவருக்குத் தைரியம் வருமா? நெறியாளரே வேண்டாம் என்பார், அவர்மீதும் குற்றமில்லை.

பெயர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. ஆனால் ஹமீத் பணம் அப்படிப்பட்ட வேலைக்கு இடம் வாங்கித் தருமானால், அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பழைய ஃபார்மா:

அது போதும் தம்பி.

வேதிவாசகன்:

ஆய்வுமாணவிக்கு ஒரு கடைசிக் கேள்வி. வகுப்பில் இந்த மூடி கழலும் வினையைக் கரும்பலகையில் எழுதப் போகிறேன். ஸ்டாடிங்கர் வினையில் அசைடு அமீன் ஆகும் என்றுதான் நடத்துகிறோம். இங்கே ஹைட்ராக்சில் எப்படித் திரும்பக் கிடைக்கிறது?

ஆய்வுமாணவி:

அமீன் வரைக்கும் நீங்கள் நடத்துவதேதான் சார். பாஸ்ஃபீன் அசைடைத் தாக்கும், நைட்ரஜன் வாயு வெளியேறும், நீர் சேர்ந்து அமீன் ஆகும். ஆனால் அந்த அமீன் உட்கார்ந்திருப்பது ஆக்சிஜனோடு ஒட்டிய அதே கார்பனில். ஒரு கார்பனில் ஒரு பக்கம் ஆக்சிஜனும் மறுபக்கம் அமீனும் இருந்தால் நீரில் அது நிலைக்காது, தானே உடைந்துவிடும். ஃபார்மால்டிஹைடும் அம்மோனியாவும் விலகிப் போகும், சர்க்கரையில் ஹைட்ராக்சில் மிஞ்சும்.

முதலில் அசைடுக்குப் பதிலாக சாதாரண மெத்தில் ஈதரை மாட்டினால் என்ன ஆகும் என்று மாணவர்களைக் கேளுங்கள். டிஎன்ஏவைக் கெடுக்காமல் அதைக் கழற்றவே முடியாது என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அப்புறம் அசைடைப் போடுங்கள்.

வேதிவாசகன்:

அப்படியே செய்கிறேன். அந்தக் கடைசி வரிசைப் பெண்ணையே பலகைக்குக் கூப்பிடுகிறேன்.